பரங்கிமலை முதல் ஹாரியட் மலை வரை

பாம்பூஃப்ளாட்டில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பத்தார் காலையில் கதவைத் திறந்ததும் காண்பன இரண்டு. ஒரு புறம் குடாக்கடல், மறுபுறம் மலை. கடலை நாம் நாள்தோறும் கடக்கிறோம். சாத்தம் ஜெட்டிக்குப் படகேறாத நாள் நம்மிற் பலர்க்கு விடுமுறை நாளாகவே இருக்கும். மலையையோ விருந்தினர் வந்தால் காட்டுவதோடு சரி. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பெற்றிருந்த காட்சி இம்மலையிலிருந்து காண்பதே என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஹாரியட் மலை என்று நம் பெரியவர்கள் வழங்கிய இதற்கு 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மணிப்பூர் மலை என்று புதுப்பெயர் இடப்பெற்றது. 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் உடன் வந்தோரும் இங்கே சிறையிருந்ததன் நினைவு அது. நாம் பேசப்போவது பழைய செய்தியாதலின் பழைய பெயரையே இக்கட்டுரையில் ஆள்கிறோம்.

இம்மலையின் உயரம் ஏறத்தாழ 365 மீட்டர். உச்சியிலிருந்து கயிறு விட்டு எவரும் அளந்ததில்லை. விடவும் முடியாது. பின் எவ்வாறு தெரிந்தது?

இவ்வினாவை நாங்கள் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கத்தின் மாலை வகுப்பில் கணிதம் சொல்லித் தரும் பொறுப்பு எங்களிற் சிலருடையது. சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறிய மாணவருள் மூவர், மேல்வகுப்பில் கணிதமே வேண்டா என்று விட்டுவிட்டனர். மூவரும் அறிவிற் குறைந்தவர் அல்லர். காரணம் கேட்டபோது மூவரும் சுட்டிய இடம் ஒன்றே; அது திரிகோணமிதி. அவருள் ஒருவன், "ஐயா, சைன், கொசைன் என்று பக்கம் பக்கமாக முற்றொருமைகளை மனப்பாடம் செய்தோம். இரண்டு சமன்பாடுகளைத் தந்து தீர்க்கச் சொன்னால், எதை எங்கே இடுவது என்று தெரியவில்லை. இவற்றால் யாருக்கு என்ன பயன்?" என்றான். நாங்கள், "தேர்வில் வரும்" என்றோம். வேறு விடை எங்களிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. அவ்விடையே அவனை வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று இம்மலரில் எழுதுகிறோம்.

சமதரையில் நின்று மலையுச்சியை நோக்குகிறோம் என்க. தரைக்கும் நம் பார்வைக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு கோணத்தால் உயரம் கிட்டாது. அருகிலுள்ள சிறு குன்றும் தொலைவிலுள்ள பெருமலையும் ஒரே கோணத்தில் தோன்றக்கூடும். கட்டைவிரலை நீட்டினால் முழுமதியே மறைந்துவிடுகிறது அன்றோ? மலையின் உயரமும் தெரியாது. உச்சிக்கு நேர்கீழே உள்ள இடம் எவ்வளவு தொலைவு என்பதும் தெரியாது. அறியாதவை இரண்டு, அறிந்த தொடர்பு ஒன்று. எனவே அதே நேர்கோட்டிற் பின்னோக்கி நடந்து, நடந்த தூரத்தை அளந்து, மறுபடியும் கோணம் பார்க்கிறோம். இப்போது தொடர்பும் இரண்டாயிற்று. மாணவன் அஞ்சிய அந்த 'இரண்டு சமன்பாடுகள்' பிறந்த இடம் இதுதான்.

முதற்கோணத்தை அ என்றும், பின்னே சென்று கண்ட சிறு கோணத்தை ஆ என்றும் கொள்வோம். அருகிலிருந்த இடத்திற்கும் மலைக்கும் உள்ள தூரம், உயரத்தைச் சைன் அ-வால் வகுத்துக் கொசைன் அ-வாற் பெருக்கியது. தொலைவிடத்துத் தூரமும் ஆ-வைக் கொண்டு அவ்வாறே. இரண்டின் வேறுபாடு நாம் நடந்த தூரம். அவ்வேறுபாட்டை ஒரே பின்னமாக்கினால் மேலே நிற்பது இது: சைன் அ × கொசைன் ஆ − கொசைன் அ × சைன் ஆ. பார்த்த அளவில் இதில் ஒழுங்கு ஏதும் தெரியவில்லை. முற்றொருமை அறிந்தவனோ இது சைன் (அ − ஆ) என்ற ஒரே சொல் என்று கண்டுகொள்கிறான். முடிவு ஒரு வரியில் அடங்குகிறது:

உயரம் = நடந்த தூரம் × சைன் அ × சைன் ஆ ÷ சைன் (அ − ஆ)

கணக்குக்காக அ 30 பாகை, ஆ 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். அ − ஆ என்பதும் 15 பாகையே ஆதலால், மேலும் கீழுமுள்ள சைன்கள் அடிபட்டுப் போகின்றன. சைன் 30 மட்டும் எஞ்சுகிறது. அதன் மதிப்பு அரை. உயரம் நடந்த தூரத்திற் சரிபாதி! 730 மீட்டர் நடந்திருந்தால் 365 மீட்டர். நம் மலை அத்துணைச் செங்குத்தானதன்று; 30 பாகை காட்டும் சமதரை அதன் அடியிற் கிடைப்பது அரிது. ஆயினும் முற்றத்துத் தென்னைக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும். தென்னைக்குப் பிறகு வருவோம்.

முற்றொருமைகளைப் பயன்படுத்தியோர் அவற்றை அழகுக்காகத் தேடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கணிப்பொறி இல்லாத நாளில் பெரிய எண்களைப் பெருக்குவதற்கு மடக்கை வாய்பாடே துணை. மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கும். ஆனால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அது உதவாது. ஆகவே கழித்தலாக நிற்கும் கோவையைப் பெருக்கலாக மாற்றித் தருவது எதுவோ அது, இரவு விளக்கொளியில் ஆயிரமாயிரம் கணக்குப் போட்ட அளவையருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது. எங்கள் மாணவன் கேட்ட 'யாருக்கு என்ன பயன்' என்பதற்கு முதல் விடை அவர்களே.

இந்த முற்றொருமைகள் எங்கிருந்து வந்தன? எல்லாம் நம்மிடமே இருந்தன என்று மார்தட்டுவதும், எதுவுமே நம்மிடம் இல்லை என்று தலைகுனிவதும் நம்மவரிடையே காணப்படும் இரு பழக்கங்கள். இவ்விடத்தில் இரண்டுக்கும் தேவையில்லை. கி.பி. 499ஆம் ஆண்டில் எழுந்த ஆரியபட்டரின் நூலிலேயே கால்வட்டத்தை 24 கூறாக்கி ஒவ்வொன்றுக்கும் அரைநாணின் அளவு காண வழி தரப்பட்டுள்ளது. வில்லின் நாண் என்று பொருள்படும் 'ஜ்யா' என்ற வடசொல் அரபு நாட்டிற்குச் சென்று உருத்திரிந்து, அங்கே வேறு பொருளில் வாசிக்கப்பட்டு, இலத்தீனில் மொழிபெயர்ப்பாகிச் 'சைன்' என்று திரும்பி வந்தது. நம் பிள்ளைகள் அயற்சொல் என்று அஞ்சும் அது, வழிதவறிப் போய் மாற்றுடையில் வீடு திரும்பிய உறவினர் போன்றது. இரு கோணங்களின் கூட்டலுக்குரிய சைன் விதியை 1150ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதினார். கேரளத்துச் சங்கமகிராம மாதவர் வழிவந்தோர் அதற்கு மேலும் சென்றனர். அவர் மரபினரான ஜ்யேஷ்டதேவர், 16ஆம் நூற்றாண்டில், நிறுவல்களையெல்லாம் தம் தாய்மொழியாகிய மலையாளத்திலேயே உரைநடையாக எழுதிவைத்தார். தாய்மொழியிற் கணிதம் சொல்ல முடியுமா என்று இன்றும் கேட்போர் நம்மிடையே உளர். அவர்கள் 'யுக்திபாஷா' என்ற அந்நூலின் பெயரையாவது அறிந்திருத்தல் நன்று.

நிற்க. ஏட்டில் இருந்த இக்கணிதம் ஒரு நாட்டையே அளக்கும் கோலாக மாறிய கதை தொடங்குவது தமிழ் மண்ணில்.

1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், வில்லியம் லாம்டன் என்ற படையதிகாரி, தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் திட்டம் ஒன்றைச் சென்னை அரசின் முன் வைத்தார். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையை அடுத்த வெளியில் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அடிக்கோடு என்பது மேலே நாம் பின்னோக்கி நடந்த தூரமே. நடந்தவர் மிகப் பொறுமையாக நடந்தார் என்பதுதான் வேறுபாடு. கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்டது. வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளுள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, நீட்சியைக் கணக்கிட்டுக் கழித்தனர். சித்திரை வெயிலிற் சென்னைப் புறநகரில் நானூறு முறை இப்படிச் சங்கிலியைக் கிடத்தி எடுத்து வைத்தவர்கள் யார்? அவர்தம் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை, ஏழரை மைல் தூரம், மே 22ஆம் நாள் முடிவுற்றது. கண்ட அளவு 40,006 அடியும் சிறிது மிச்சமும்.

அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றிரு பக்கங்களையும் கணக்கிட்டே பெறலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்தடுத்து முக்கோணங்கள் எழும். எனவே எல்லாச் சுமையும் கோணத்தின்மேல் விழுந்தது. அதற்காக இங்கிலாந்தில் செய்வித்த பெரிய தியோடலைட்டுக் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். வரும் வழியில் அதனைச் சுமந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியைத் திறந்து பார்த்த அத்தீவின் ஆளுநர், அறிவியற் கருவி என்றறிந்து வாழ்த்துடன் சென்னைக்கே அனுப்பிவைத்தார். போர்க்காலத்தில் நிகழ்ந்தது இது. இக்காலத்தில் நடக்குமா என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

பகைவர் கையில் தப்பிய கருவிக்குத் தஞ்சையில் இடர் காத்திருந்தது. சோழநாடு சமவெளி, குன்றே கிடையாது. நெடுந்தூரம் பார்க்க வேண்டுமாயின் கோபுரந்தான் ஏற வேண்டும். 1808ஆம் ஆண்டில் பெருவுடையார் கோயில் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது, இழுத்துப் பிடித்த கயிறு அறுந்து, கருவி கற்சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெருவட்டமே வளைந்து உருக்குலைந்தது. லாம்டன் கூடாரத்துள் தம்மை அடைத்துக்கொண்டு, ஆறு வாரம் முயன்று, வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். இராசராசன் எழுப்பிய விமானத்தின் உயரத்தை வியந்து பாடாத தமிழன் இல்லை. அது நாட்டை அளக்கவும் ஒருமுறை தோள் கொடுக்க நேர்ந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

அளவையால் விளைந்த பயன் பெரிது. சென்னையிலிருந்து மங்களூர்க் கரை வரை நிலப்படங்கள் காட்டிவந்த 400 மைல், உண்மையில் 360 மைலே என்று தெரிந்தது. மற்றொரு நுட்பமும் உண்டு. பள்ளியில் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்கிறோம். பூமி உருண்டையாதலால் பெரிய முக்கோணங்களில் அது சிறிதே மிகும். ஏறத்தாழ 197 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை. ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. அதையும் விட்டுவிடாமல் கணக்கிற் சேர்த்தனர். லாம்டன் 1823இல் பணியிலிருக்கும்போதே இறந்தார். எவரெஸ்டு அதனை இமயம் வரை கொண்டு சென்றார். எட்ட நின்று அளந்த கோணங்களிலிருந்து 'பதினைந்தாம் சிகரம்' உலகிலேயே உயர்ந்தது என்று கணித்துக் கண்ட பெருமை வங்காளத்து இராதாநாத் சிக்தாருக்குரியது. 1856இல் வெளியிடப்பட்ட அளவு 29,002 அடி. 2020இல் ஏற்கப்பட்ட அளவு 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. எவரும் மிதிக்காத சிகரத்தை நூறு மைலுக்கு அப்பாலிருந்து நோக்கிக் கண்ட விடையில் பிழை முப்பது அடி!

ஆனால் முக்கோணச் சங்கிலி நம் தீவுக்கு வரவில்லை. வர இயலாது. 365 மீட்டர் உயரத்தில் நிற்பவன் கண்ணுக்குக் கடலின் எல்லை ஏறத்தாழ 68 கிலோமீட்டர்; சென்னைக்கும் நமக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர். 1789இல் இக்குடாவை அளந்து சாத்தம் தீவிற் குடியேற்றம் நிறுவிய ஆர்ச்சிபால்டு பிளேயர் கப்பலில் வந்தவர். அவர் பெயரையே 2024 வரை நம் தலைநகர் தாங்கியிருந்தது. இன்று அது ஸ்ரீ விஜயபுரம். அவர் கண்டது பெரும்பாலும் கரையின் வடிவம். தீவின் உள்ளகத்தை முறையாக அளந்த பணி 1883 முதல் 1886 வரை, இந்திய நில அளவைத் துறையின் ஹாப்டே என்ற அதிகாரியின் தலைமையில் நடைபெற்று, மைலுக்கு இரண்டு அங்குலம் என்ற அளவிற் படங்கள் வெளிவந்தன. உச்சிக்கு உச்சி பார்வை கிடைத்தாலன்றி முக்கோணம் இல்லை. மரம் வானை மூடிய காட்டில் அப்பார்வையைக் கோடரிதான் திறக்க வேண்டும். இதற்குப் பதினோராண்டு முன்னர், 1872 பிப்ரவரி 8ஆம் நாள், நம் மலையில் ஏறி மாலைக் கதிரவனைக் கண்டு இறங்கிய அரசப்பிரதிநிதி மேயோ, அடிவாரத்து ஹோப் டவுன் ஜெட்டியில் சேர் அலியின் கத்திக்கு இரையானார். மலை என்றவுடன் நம்மவர் சொல்லும் வரலாறு அது ஒன்றே. அளந்தவர்களையும் சற்று நினைக்கலாம்.

உயரம் என்றால் எதிலிருந்து உயரம் என்ற வினா எழும். கடல் மட்டத்திலிருந்து என்போம். கடலோ ஒரு மட்டத்தில் நிற்பதில்லை. படகுக்குக் காத்திருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அதே அளவைத் துறையார் 1880ஆம் ஆண்டளவில் போர்ட் பிளேயரில் ஓதமானி ஒன்றை நிறுத்தினர். கடல் ஏறி இறங்குவதைத் தானே வரைந்துகொண்டிருக்கும் கருவி அது. திரிகோணமிதி மலையை விட்டுக் கடலுக்கு வரும் இடமும் இதுவே.

நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. கதிரவனால் எழுவது 12 மணிக்கு ஒருமுறை. இரண்டும் கொசைன் வளைவுகள். கடலில் அவை கூடுகின்றன. இரு கொசைன்களின் கூட்டலைப் பெருக்கலாக்கும் முற்றொருமையை மாணவர் அறிவர்: கூட்டுத்தொகையின் பாதிக்கு ஒரு கொசைன், வேறுபாட்டின் பாதிக்கு ஒரு கொசைன், முன்னே ஓர் இரண்டு. வேறுபாட்டின் பாதி மிகச் சிறிது. ஆதலின் அந்தக் கொசைன் மெல்ல மெல்ல அசைந்து, ஓதத்தின் வீச்சைப் பெருக்கியும் சுருக்கியும், பதினான்கே முக்கால் நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நீர் மிகுதியாக ஏறுவதும், எட்டாம் பிறையில் அடங்குவதும் அதுவே. நிலவின் பங்கு கதிரவனதினும் பெரிதாதலால் மெய்யான கணக்கு இன்னும் சற்று விரியும், சாரம் மாறாது. நம் மீனவர் கண்டு வைத்திருப்பதைத்தான் புத்தகத்தின் அந்த வரி எழுதி வைத்திருக்கிறது.

ஓதமானி நிறுவிய சில காலத்தில், 1881 டிசம்பர் 31ஆம் நாள், கார் நிக்கோபாரை அடுத்துப் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகள் வங்கக்கடலைச் சூழ்ந்த ஓதமானிகளின் தாள்களில் பதிந்தன. கொசைன் வளைவு எதிர்பார்க்கும் கோட்டுக்கும் கருவி வரைந்த கோட்டுக்கும் உள்ள வேறுபாடே அலையின் சான்று. 2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றி இக்காலனியில் எவர்க்கும் எழுத்தாற் சொல்ல வேண்டியதில்லை. அன்று தென் அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானிற் சில கரைகள் உயர்ந்தன. சிப்பிகாட்டு வயல்களில் கடல் வந்து தங்கியதை நாம் கண்டோம். கடல் ஏறியதா, நிலம் இறங்கியதா என்று அந்நாளில் நாம் வாதிட்டதும் உண்டு. அதைத் தீர்த்தது செயற்கைக் கோள் கொண்டு செய்த அளவை. அங்கும் அறியாதவை பல, சமன்பாடுகள் பல. ஆண்டாண்டாய் 365 மீட்டர் என்று நாம் ஒப்பித்துவந்த மலையும் அந்த நாளில் நம்மோடு சேர்ந்தே தாழ்ந்தது.

இனித் தென்னைக்கு வருவோம். இவ்வாண்டு மாலை வகுப்பில், பாடம் தொடங்குமுன் மாணவரை வெளியே அழைத்துச் சென்றோம். பாகைமானியின் நடுவில் நூல் கட்டி, நூலில் ஒரு திருகாணியைத் தொங்கவிட்டதே எங்கள் தியோடலைட்டு. சங்க வாயிலுக்கு எதிர்த்தென்னையின் உச்சியை 30 பாகையிற் காணும் இடத்தில் ஒரு கல்லும், 15 பாகையிற் காணும் இடத்தில் ஒரு கல்லும் வைத்தனர். கற்களுக்கு இடையே 19 மீட்டர் 20 சென்டிமீட்டர். பாதி, 9 மீட்டர் 60. தேங்காய் பறிக்க வந்தவர் மேலே ஏறிக் கயிறு விட்டார். கயிறு 11 மீட்டர் 10 காட்டியது. பிள்ளைகளின் முகம் வாடிற்று. எங்கள் முகமும் அப்படித்தான். கோணம் பார்த்ததிற் பிழையோ, தரை சரிவோ என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் சென்ற ஆண்டு எங்களிடம் வினாக் கேட்டுப் பிரிந்த அந்த மாணவன். "ஐயா, கோணம் பார்த்தது கண், கயிறு தொட்டது தரை" என்றான். நோக்கிய சிறுவனை நிறுத்தித் தரையிலிருந்து கண்வரை அளந்தோம்: 1 மீட்டர் 46. கூட்டினால் 11 மீட்டர் 6. எஞ்சிய 4 சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்று அவர்கள் நால்வர் இன்னும் அத்தென்னையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் நின்றவனும் அவர்களுள் ஒருவன்.